ஆவணப்படமும் அறிவிப்பாளர் வரிசையும்

மாலை மக்தபில் பெரிய பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் வரலாற்றுப் பாடம் வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் ஹிஜ்ரீ 583இல், அதாவது கி.பி. 1187இல், ஹித்தீன் களத்தில் வென்று, அதே ஆண்டு ரஜப் மாதம் 27ஆம் நாள் பைத்துல் முகத்தஸை மீட்ட வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடம் முடியும் தறுவாயில், வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?" கிதாபுகளின் பெயரைச் சொல்வார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. பதினொரு வயதுப் பிள்ளையொன்று எழுந்து, "நான் பார்த்தேன், ஹஜ்ரத்!" என்றது.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தேன் என்றான். ஸுல்தானின் வெள்ளைக் குதிரை, பச்சைப் போர்வை, கத்தரித்த தாடி, சிறைப்பட்ட சிலுவைப்படை அரசனுக்குக் குளிர்ந்த நீர் கொடுத்த கோப்பை என்று வரிசையாக வருணித்தான். அந்தக் கோப்பை கிதாபுகளில் உண்டு. அந்தக் குதிரையின் நிறம் நான் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை. அவனுக்கோ இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே கண்ணால், ஒரே ஒளியில் கண்டிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னது மெய்யுமன்று. அன்று அவனுக்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விடுமுறையில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வரலாறு, போர், பயணம் ஆகியவற்றைச் சொல்லும் ஆவணப்படங்கள் பலவற்றை ஒரு குறிப்பேட்டுடன் உட்கார்ந்து பார்த்தேன். "உங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்ட ஆலிம் நண்பர்களும் உண்டு. அவர்களுக்குரிய விடையைப் பின்னர் சொல்கிறேன்.

செவிவழிச் செய்தி கண்கூடாகக் காண்பதற்கு ஈடாகாது என்ற கருத்தோடுதான் அல்பீரூனீ தம் இந்திய நூலைத் தொடங்குகிறார். பலரும் அந்த முதற்கருத்தை மட்டும் எடுத்தாள்வர். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. காட்சி நிகழும் கணத்தோடு முடிந்துபோவது. செய்தியோ இறந்ததையும் இனி வருவதையும் எட்டக்கூடியது. ஆதலால் குறைகள் மட்டும் இல்லாவிடில் செய்திக்கே முதலிடம் தரவேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து. பின்னர், செய்தி சொல்வோர் எந்தெந்தக் காரணங்களால் பொய்யுரைப்பர் என்றும் வகுத்துக் காட்டுகிறார். தொலைக்காட்சி செய்திருக்கும் காரியம் என்னவெனில், செய்திக்குக் காட்சியின் ஆடையை உடுத்தியிருப்பதுதான். ஹித்தீன் போரைப் பற்றிய படம் ஒரு செய்தி, அதாவது கபர். ஆனால் அது நம் கண்வழியே வருவதால் கண்கூடாகக் கண்டதைப் போன்ற மயக்கத்தைத் தருகிறது. செய்தியென்று அறிந்தால் விசாரிப்போம். கண்டதாக நினைத்தால் விசாரிக்க மாட்டோம். செய்தி கொண்டு வருபவனை விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்க, அந்தக் கட்டளை நினைவுக்கு வரும் முன்பே படம் முடிந்துவிடுகிறது.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஓர் அறிவிப்பாளரின் செய்தியை ஏற்க முஹத்திதீன்கள் இரு தகுதிகளை வேண்டினார்கள். ஒன்று அதாலத், நேர்மை. மற்றொன்று ளப்த், கேட்டதையும் கண்டதையும் கூட்டாமல் குறைக்காமல் காத்துச் சொல்லும் திறன். நேர்மையாளரே ஆயினும் நினைவு தடுமாறினால் அவர் அறிவிப்புப் பலவீனமானது. நினைவாற்றல் மலைபோல் இருப்பினும் நேர்மை இல்லையேல் அது தள்ளத்தக்கது. இந்த உரைகல்லில் காமிராவை உரைத்துப் பார்த்தேன். ளப்த் என்பதில் மனிதர் எவரும் அதற்கு நிகரில்லை. முன்னால் நின்றதை அது மறக்காது, மாற்றாது. அதாலத்தோ அதற்குக் கடுகளவும் கிடையாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று, அது ஒரு கருவி. தன் முன்னே நிறுத்தப்பட்டது உண்மையா, நடிப்பா என்று அதற்குத் தெரியாது. அந்த நேர்மை, கருவிக்குப் பின்னே நின்றவரிடமும், எடுத்த படத்தை வெட்டி ஒட்டியவரிடமும், அதன்மேல் குரல் கொடுத்தவரிடமும்தான் இருக்கவேண்டும். அவர்கள் யார் என்பதைப் பார்ப்பவன் கேட்பதேயில்லை.

போர்ப்படங்களின் வரலாறே இதற்குச் சான்று. 1916ஆம் ஆண்டு பிரான்சில் ஸோம் ஆற்றங்கரையில் நடந்த பெரும்போரைப் பற்றி ஆங்கில அரசு ஒரு படம் எடுத்து, அதே ஆண்டு ஆகஸ்டில் கொட்டகைகளில் காட்டியது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி போர்முனையில் எடுக்கப்பட்ட மெய்யான காட்சியே. ஆனால் பார்த்தவர் நெஞ்சை உலுக்கியதும், அதன்பின் நூறாண்டாக எத்தனையோ ஆவணப்படங்களில் எடுத்தாளப்பட்டதுமான காட்சி எது? வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறுகிறார்கள். ஒருவன் குழியின் விளிம்பிலேயே சரிந்து விழுகிறான். அந்தக் காட்சி போர்முனைக்கு வெகு பின்னால் நடித்து எடுக்கப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1ஆம் தேதி மட்டும் ஆங்கிலப் படையில் இறந்தோர் 19,240 பேர். காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் 57,470 பேர். இத்தனை மெய்ச்சாவு நடந்த இடத்துக்குப் பொய்ச்சாவு ஒன்று தேவைப்பட்டது வியப்பிற்குரியது. படமெடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எடுக்க முடியாத காட்சியின் வெற்றிடத்தை நிரப்பினார்கள். நன்மையை நாடியே ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்களைப் பற்றி நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நோக்கம் நல்லதாயினும் அறிவிப்பு ஏற்கப்படவில்லை.

நான் பார்த்தவற்றுள் தலைசிறந்த போர் வரலாற்றுத் தொடர், 1973-74இல் இங்கிலாந்தின் தேம்ஸ் தொலைக்காட்சி 26 பகுதிகளாக ஒளிபரப்பிய 'உலகப் போர்' பற்றிய தொடர்தான். ஜெரமி ஐசக்ஸ் தயாரித்தது. லாரன்ஸ் ஒலிவியர் குரல் கொடுத்தது. அதன் தொடக்கம் என் மனத்தை விட்டு அகலவில்லை. பிரான்சில் ஒராதூர் என்னும் சிற்றூரின் ஆளற்ற தெரு. 1944 ஜூன் 10ஆம் நாள் ஜெர்மானியப் படையினர் அங்கு வந்து 640க்கும் மேற்பட்டோரைக் கொன்றுவிட்டுப் போனார்கள். பிறகு அங்கே எவரும் குடியேறவில்லை. இடிந்த சுவர்கள் அப்படியே விடப்பட்டுள்ளன. தொடர் அங்கே எதையும் நடித்துக் காட்டவில்லை. வெற்றுத் தெருவையே காட்டுகிறது. இதுவன்றோ அடக்கம்! அந்தத் தொடரின் மற்றொரு சிறப்பு, தளபதிகளை மட்டுமின்றி, சாதாரணப் படைவீரரையும் வீட்டுப் பெண்களையும் செயலாளர்களையும் பேசவைத்தது.

ஆயினும் அதிலேயே ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. ஹிட்லரின் அமைச்சராயிருந்த ஆல்பர்ட் ஸ்பியர் அதில் சாட்சியாகப் பேசுகிறார். சிறையில் இருபதாண்டு கழித்து வந்தவர், பண்பட்ட பேச்சு, வருந்தும் முகம். பார்ப்பவன் இவரை நம்பாமல் வேறு எவரை நம்புவான்? யூதர்களைக் கூண்டோடு அழிக்கும் திட்டம் தமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இருந்ததே தம் குற்றம் என்று அவர் பொதுவில் சொல்லி வந்தார். 1981இல் அவர் இறந்தார். 2007ஆம் ஆண்டு அவருடைய கடிதம் ஒன்று வெளிப்பட்டது. 1943 அக்டோபரில் ஹிம்லர் அத்திட்டத்தை வெளிப்படையாக அறிவித்த கூட்டத்தில் தாம் இருந்ததை அவரே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதத்தின் தேதி 1971 டிசம்பர் 23. அதாவது, அந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே தனிக் கடிதத்தில் ஒப்புக்கொண்டதை, உலகத்துக்குச் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். காமிரா தன் பணியை ஒழுங்காகவே செய்தது. அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் காத்து நமக்குத் தந்தது. பழுது அறிவிப்பாளரிடம் இருந்தது. ஜரஹ்-தஃதீல் நூல்களில் ஓர் அறிவிப்பாளரை ஒருவர் மெச்சியிருப்பார். பின்வந்தவர் புதிய செய்தி அறிந்து குறை கூறியிருப்பார். இரண்டும் அருகருகே பதிவாகியிருக்கும். படத்துக்கு அந்த வசதி இல்லை. 1973இல் பதிந்த முகம் இன்றும் அதே வருத்தத்தோடு பேசுகிறது. ஓரத்தில் எவரும் ஒரு குறிப்பு எழுத முடிவதில்லை.

சாட்சிகளைத் தேர்வதில் வேறொரு நெறியை வைத்துக்கொண்டவர்கள் பிரயன் லாப்பிங், நார்மா பெர்ஸி குழுவினர். 1995இல் பிபிசியில் வந்த 'யுகோஸ்லாவியாவின் மரணம்', பின்னர் 1998இல் இஸ்ரேலையும் அரபு நாடுகளையும் பற்றிய 'ஐம்பதாண்டுப் போர்' ஆகியன அவர்கள் ஆக்கம். முடிவு எடுக்கப்பட்ட அறைக்குள் யார் இருந்தார்களோ அவர்களையே பேசவைப்பது அவர்கள் முறை. வெளியே நின்று விளக்கம் சொல்லும் பேராசிரியருக்கு அங்கே இடமில்லை. இது நம்மவர் ஸமாஃ என்பார்களே, நேர்முகமாகக் கேட்டல், அதற்கு வெகு அருகில் வருகிறது. மிலோஷெவிச், துஜ்மன், இஸத்பேகோவிச், கராஜிச் என்று எதிரெதிர் அணியினர் ஒரே சந்திப்பைத் தத்தம் வாயால் சொல்வதைக் கேட்கும்போது, ஒருவர் மறைத்ததை இன்னொருவர் பெருமைக்காகவே சொல்லிவிடுகிறார். பின்னாளில் அந்த நேர்காணல்கள் போர்க்குற்ற வழக்குகளுக்கும் பயன்பட்டன.

இத்தனை பாராட்டுக்குப் பின் ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். அறைக்குள் இருந்தவரையே சாட்சியாக்கினால், அறைக்குள் அழைக்கப்படாதவர் சாட்சியாகவே ஆகமுடியாது. போஸ்னியாவின் கிராமத்து முஸ்லிம் விவசாயியும், 1948இல் வீட்டுச் சாவியோடு வெளியேறிய பலஸ்தீனத்து மூதாட்டியும் எந்த அறையிலும் இருக்கவில்லை. அவர்களைப் பற்றிய முடிவுகள்தாம் அறையில் இருந்தன. 'ஐம்பதாண்டுப் போரை' நான் இருமுறை பார்த்தேன். தலைவர்கள் கூடியதும் பிரிந்ததும் தெளிவாக விளங்கின. ஓர் ஊர் எவ்வாறு காலியாகிறது என்பது விளங்கவில்லை. ஒராதூரின் வெற்றுத் தெருவைக் காட்டியவர்களுக்கு அது விளங்கியிருந்தது.

போஸ்னியாவைச் சொன்னதால் இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் படமென்று சொல்லவும் நாக் கூசுகிறது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அப்போது 'தேள்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஸெர்பிய ஆயுதக் குழுவொன்று, அங்கிருந்து பிடித்துவந்த சிறுவரும் இளைஞருமாகிய அறுவரைத் திர்னோவோ அருகே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. அதைத் தாங்களே காமிராவில் பதிவும் செய்துகொண்டார்கள். பத்தாண்டுக்குப் பின், 2005 ஜூன் 1ஆம் நாள், ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் மிலோஷெவிச் மீதான வழக்கில் அது திரையிடப்பட்டது. தொலைக்காட்சிகளில் அது வந்தபோது ஒரு தாய் தம் மகனை அதில் அடையாளம் கண்டார். 2007இல் பெல்கிரேடு நீதிமன்றம் அக்குழுவைச் சேர்ந்த நால்வரைத் தண்டித்தது. அதுவரை, அப்படியொன்று நடக்கவேயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஸெர்பியாவில் ஏராளம். இங்கே காமிரா ஒரு ராவீயாக நிற்கவில்லை; குற்றவாளியின் சொந்த ஒப்புதலாக, இக்ராராக நின்றது. ஃபிக்ஹுக் கலையில் இக்ராரின் வலு எவ்வளவு என்பதை ஓதியவர் அறிவர். அதாலத் இல்லாதவன் தனக்கே பாதகமாகச் சொல்வதை ஏற்கலாம். இதை நான் முழுதும் பார்க்கவில்லை. பேரனை வெளியே அனுப்பிவிட்டுச் சிறிது பார்த்தேன், பிறகு அணைத்துவிட்டேன்.

பயணப் படங்களுக்கு வருவோம். மனம் சற்று இளைப்பாறும். இப்னு பதூதாவைப் பற்றி இரண்டு ஆக்கங்களைப் பார்க்க வாய்த்தது. ஒன்று, 2009ஆம் ஆண்டு பெருந்திரைக்கென்று எடுத்து, பின்னர் வீடுகளுக்கும் வந்துசேர்ந்த 'மக்காப் பயணம்'. மற்றொன்று, யமன் நாட்டின் ஸன்ஆ நகரில் நெடுங்காலம் வாழ்ந்த டிம் மெக்கின்டோஷ் ஸ்மித் என்னும் ஆங்கில அரபி அறிஞர், தாஞ்சியரில் தொடங்கிச் சீனம் வரை அவர் சுவட்டைத் தேடிப் போகும் பிபிசி தொடர்.

முன்னதை வீட்டார் அனைவரும் சேர்ந்து பார்த்தோம். கஃபத்துல்லாஹ்வைச் சுற்றி ஜனத்திரள் வட்டமிடும் காட்சியை மேலிருந்து காட்டியபோது என் மனைவி அழுதுவிட்டார். அது மெய்யான காட்சி. ஆனால் வழியில் ஒரு கொள்ளைக்காரன் வருகிறான். இளைஞர் இப்னு பதூதாவை மறிக்கிறான். பிறகு அவருக்கே காவலனாகிறான். ரிஹ்லாவில் நான் அவனைத் தேடினேன். இல்லை. 1325இல், இருபத்தொரு வயதில், துணையின்றிப் புறப்பட்டதையும் வழியில் காய்ச்சலில் விழுந்ததையும் அவர் சொல்கிறார். கொள்ளைக்காரத் தோழன் எவனும் இல்லை. கதைக்குச் சுவை வேண்டுமென்று சேர்த்தார்கள் போலும். நம் கலையில் இதற்கு முத்ரஜ் என்று பெயர். மூலச் செய்தியினுள் அறிவிப்பாளரின் சொந்தச் சொல் கலந்து, எது யாருடையது எனத் தெரியாமல் போவது. கஃபாவும் அவனும் ஒரே ஒளியில் வந்துபோனார்கள். என் மனைவியின் கண்ணீருக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று கோடு கிழிக்க அந்தப் படத்தில் ஒன்றுமில்லை.

பின்னதில் அந்த இடர் குறைவு. பயணி ஒருவர், கையில் ஒரு பழைய நூல், எதிர்ப்படும் மனிதர், இவ்வளவுதான். இப்னு பதூதா கண்டதாகச் சொன்ன இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறார். அரபியில் கேட்கிறார், கேலி செய்கிறார், தாமும் கேலிக்கு ஆளாகிறார். செய்தி ஒன்றையும் அதைத் தேடும் காட்சி ஒன்றையும் தனித்தனியே நிறுத்தியிருக்கிறார். சில இடங்களில் விளையாட்டு மிகுந்துவிட்டதென்பது என் எண்ணம். ஆயினும் அந்தக் குதிரையின் நிறத்தைச் சொன்ன சிறுவன் இதைப் பார்த்திருந்தால், இப்னு பதூதாவை நேரில் கண்டதாகச் சொல்லியிருக்க மாட்டான்.

இப்னு பதூதாவும் குறையற்ற ராவீ அல்லர். அவர் வாய்மொழியாகச் சொன்னதை 1355-56இல் ஏட்டில் எழுதியவர் இப்னு ஜுஸய். டமாஸ்கஸ், மக்கா, மதீனா பற்றிய வருணனைகளில் நெடும்பகுதிகளை அவர் 150 ஆண்டுக்கு முன் வாழ்ந்த இப்னு ஜுபைரின் பயண நூலிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். வடக்கே புல்கார் நகருக்குப் போய்வந்ததாகச் சொல்லும் பகுதியை ஆராய்ச்சியாளர் பலர் நம்புவதில்லை. ஆனால் நமக்கு மிக அருகிலுள்ள ஓரிடத்தில் அவர் நேர்மை ஒளிவிடுகிறது. இலங்கையிலிருந்து சோழமண்டலக் கரைக்கு வந்து மதுரை ஸுல்தான் கியாஸுத்தீனின் விருந்தினராகத் தங்கினார். ஸுல்தான் வேற்றாள் அல்லர். இருவர் மனைவியரும் உடன்பிறந்த சகோதரிகள். அப்படியிருந்தும், ஸுல்தான் சிறைப்பிடித்த மக்களைப் பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் கொன்றதைக் கண்டவாறே எழுதி, இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடத்தும் கண்டதில்லை என்று வெறுப்போடு பதிவுசெய்தார். உப்பைத் தின்ற வீட்டைப் பற்றி இவ்வாறு சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? அதாலத் என்பது இது. நம் இனத்தாரின் வரலாற்றைப் படமெடுக்கும் நிறுவனங்கள் பல, இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகின்றன.

இங்கே நம் வீடுகளின் வழக்கம் ஒன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம்மைப் புகழும் படம் வந்தால் உறவினர் அனைவருக்கும் அனுப்பி வைக்கிறோம், இகழும் படம் வந்தால் கொதிக்கிறோம், இரண்டையும் விசாரிப்பதில்லை. அந்தலூஸில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்தார் என்பதைச் சொல்லாத படமில்லை. அவர் இறந்தது கி.பி. 887இல். பறந்த செய்தியை விரிவாகத் தரும் அல்மக்கரீ இறந்தது 1632இல். இடையே ஏழு நூற்றாண்டு. ஒரு ஹதீஸாக இருந்தால் இந்த இடைவெளியைக் கண்டதும் புத்தகத்தை மூடியிருப்போம். நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பழைய கவிதைக் குறிப்பு ஒன்று உண்டு. ஆனால் திரையில் அவர் இறக்கை விரிக்கும் அழகைக் கண்டு அது முதவாத்திர் என்று எண்ணிவிடலாகாது.

மறுபுறம், 2012 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சேனல் 4இல் டாம் ஹாலண்ட் என்பவர் இஸ்லாத்தின் தோற்றத்தையே ஐயுற்று ஒரு படம் தந்தார். முஸ்லிம்களின் மூலநூல்கள் காலத்தால் பிந்தியவை, எனவே நம்பத்தக்கவையல்ல என்பது அதன் சாரம். வாய்வழி அறிவிப்பு என்னும் ஒரு பெரும் கலையையே மௌனமாக எண்ணிய பிழை அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன; மிரட்டல்களும் போயின; அதனால் அந்த நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த ஒரு திரையிடலைப் பாதுகாப்புக் கருதிக் கைவிட்டது. மிரட்டியவர்கள் நமக்குச் செய்த தீங்கு, படம் செய்ததைவிடப் பெரிது. விடை நம் கையில் இருந்தது. ஏறத்தாழ 640இல் எழுதப்பட்ட ஒரு சிரியக் கிறித்துவக் குறிப்பு, 634இல் நடந்த ஒரு போரைச் சொல்கையில் முஹம்மதின் அரபிகள் என்று பெயர் சுட்டுகிறது. எகிப்தில் கிடைத்த, ஹிஜ்ரீ 22 எனத் தேதியிட்ட ஆட்டுப் பற்றுச்சீட்டு ஒன்று இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் மறைந்த காலத்தில் எழுதியதாக ஹிஜ்ரீ 24ஆம் ஆண்டைக் குறிக்கும் ஸுஹைரின் பாறைக் கல்வெட்டு அரபு நாட்டில் இருக்கிறது. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் கூச்சல் தேவைப்பட்டிராது.

தமிழில் குரல் மாற்றி வரும் படங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இடிந்த வீட்டின் முன் நின்று ஓர் அரபு மூதாட்டி பேசும் காட்சி. தமிழ்க் குரலின் அடியில் அவருடைய சொந்தக் குரல் மெல்லக் கேட்டது. 'ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்' என்றார். அல்லாஹ்வே எங்களுக்குப் போதுமானவன், பொறுப்பேற்பவரில் அவன் சிறந்தவன் என்பது அதன் பொருள். தமிழ்க் குரலோ, கடவுள் பழிவாங்குவார் என்றது. பொறுமையைப் பகையாக்க அரை நொடி போதுமாயிருந்தது. சொல்லை விட்டுக் கருத்தை மட்டும் அறிவிப்பதற்கு நம் இமாம்கள் அனுமதி தந்தபோது, மொழியின் நுட்பம் அறிந்தவருக்கு மட்டுமே என்று நிபந்தனை இட்டார்கள். அந்த மூதாட்டியின் முகத்தை என் பேரன் மறக்கமாட்டான். அந்த முகத்தோடு சேர்ந்து, அவர் சொல்லாத சொல்லையும்.

இனி, எனக்கு இது எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு விடை. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். இப்னு பதூதா ஃபாஸ் நகருக்குத் திரும்பி, தில்லி ஸுல்தானின் கொடையையும், ஊர் திரும்பும்போது அவர் கவண்பொறிகளால் காசுகளை இறைப்பதையும் சொன்னபோது, பொய்யென்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இப்னு கல்தூனுக்கும் ஐயம். அவர் அமைச்சர் ஃபாரிஸிடம் கேட்டார். காணாததாலேயே மறுக்காதீர், சிறையில் வளர்ந்த அமைச்சர் மகனைப் போல் ஆகிவிடுவீர் என்றார் ஃபாரிஸ். அந்தப் பிள்ளை தந்தையோடு சிறையிலேயே வளர்ந்தான். உணவில் வரும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆடு என்றார் தந்தை. அதன் உருவத்தையும் வருணித்தார். எலியைப் போலவா என்றான் பிள்ளை. மாடு, ஒட்டகம் எதைச் சொன்னாலும் அதே கேள்வி. சிறையில் அவன் கண்ட உயிர் எலி ஒன்றுதான்.

படங்களை அறவே விலக்கினால் நான் அந்தப் பிள்ளை. படங்களை மட்டுமே கண்டு வளர்ந்தால் என் மாணவன் அந்தப் பிள்ளை. அதே இப்னு கல்தூன்தான், மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தார்கள் என்று மஸ்ஊதீ போன்றோர் எழுதியதை எடுத்து, அத்தனை பேர் அந்த நிலத்தில் எப்படி அணிவகுக்க முடியும் என்று கணக்குப் பார்த்துத் தள்ளினார். மறுப்பதற்கும் ஏற்பதற்கும் அவருக்கு ஒரே அளவுகோல் இருந்தது.

விடுமுறை முடிந்து மக்தபுக்குத் திரும்பியதும் ஹித்தீன் பாடத்தை மறுபடி எடுத்தேன். இம்முறை போரை விட்டுவிட்டு, அதைச் சொன்னவர்களைச் சொன்னேன். ஸுல்தானின் எழுத்தரான இமாதுத்தீன் இஸ்ஃபஹானீ களத்தில் உடனிருந்தவர். அலங்கார நடையில் மிகைப்படச் சொல்லும் பழக்கம் உள்ளவர். பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் மறு ஆண்டுதான் பணியில் சேர்ந்தார். ஆகவே ஹித்தீனைக் காணவில்லை. கண்டது எது, கேட்டது எது என்பதை அவரே பிரித்துச் சொல்கிறார். மோஸுல்காரரான இப்னுல் அஸீர் ஸுல்தானுக்கு அவ்வளவு வேண்டியவர் அல்லர். ஸுல்தானின் மகன் அல்அஃப்ளல் தந்தையின் அருகில் நின்று கண்டதாகச் சொன்னதை எடுத்தெழுதுகிறார். ஓராண்டுக்குப் பின் அந்தக் களத்தைக் கடந்து போனபோது சிதறிக் கிடந்த எலும்புகளைத் தாமே கண்டதையும் எழுதுகிறார். பிள்ளைகள் இந்த மூவரைப் பற்றியும் போரைப் பற்றிக் கேட்டதைவிட அதிகம் கேள்வி கேட்டார்கள். வெள்ளைக் குதிரைக்காரன் மட்டும் பேசாமல் இருந்தான். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது, "அப்போ குதிரை என்ன நிறம், ஹஜ்ரத்?" என்றான். தெரியாது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

ஆவணப்படத்துக்கும் ஓர் இஸ்னாத் உண்டு என்பதை நான் கடைசியாகத்தான் கண்டுகொண்டேன். அது படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல். எந்தக் காப்பகத்திலிருந்து எந்தக் காட்சி வந்தது, யார் மொழிபெயர்த்தார், யார் ஆலோசகர், யார் நடித்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். நம் கிதாபுகளில் அறிவிப்பாளர் வரிசை முன்னே வரும், செய்தி பின்னே வரும். இவர்கள் அதைக் கடைசியில் வைக்கிறார்கள். அதையும் தொலைக்காட்சிக்காரர் ஓரத்தில் சுருக்கி அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் போடுகிறார். கைப்பேசியிலோ பட்டியல் தொடங்கும் முன்பே அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போனபோது, அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று பேரனைக் கேட்டேன். எங்கோ ஒரு பொத்தானைத் தேடிப்பிடித்தான். எழுத்து மிகச் சிறிது. என் கண்ணாடி போதவில்லை, அவன் ஒவ்வொரு பெயராகப் படித்தான், நான் எழுதிக்கொண்டேன். பாதி எழுதுவதற்குள் இஷா பாங்கு கேட்டது.